வெயில் அடித்த படம்

மணிமுத்துவின் பிழைப்பு அடுத்தவர் கல்யாணத்தில் ஓடியது. தென்காசி ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துத் தரும் படங்களை மேலகரத்து வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் திருத்தி, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பான். மாப்பிள்ளை முகத்து நிழலை எடுப்பான், மாமனார் மூக்குக்கண்ணாடியின் பளபளப்பை அழிப்பான். வெளிச்சத்தில் அவனை ஏமாற்ற முடியாது என்று பேர். அப்படிப்பட்டவன்தான் வெயிலைக் கவனிக்காமல் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டான்.

மனைவி இசக்கிச்செல்வி போலீஸ்காரி. பிரசவ லீவு முடிந்து ஜூன் மாதம் வேலையில் சேர்ந்ததும் குற்றாலம் அருவியில் சீசன் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள டூட்டி போட்டுவிட்டார்கள். காலை ஆறரைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை வீட்டில் இவனும் பத்து மாதப் பெண் குழந்தை ஸ்ரீமதியும் மட்டும்தான். பார்த்துக்கொள்ள ஆள் என்று வேறு யாரும் கிடையாது.

முதல் வாரத்தில் ஒருநாள் பாயை விரித்து, துணி மாட்டும் கிளிப்புகளை ஒரு கூடையில் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தான். அது ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டது, திரும்ப உள்ளே போட்டது. அரை மணி நேரம் சத்தமே இல்லை. இவனும் நிம்மதியாக ஆல்பத்தில் நான்கு பக்கம் முடித்தான். அப்போது பார்த்து அவள் வீடியோ காலில் வந்தாள்.

“பிள்ளைய ஏன் தனியா தரையில விட்டிருக்கிய?”

“விளையாடுதாட்டி. நான் பக்கத்துலதான இருக்கேன்.”

அவளுக்குப் பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது. கண் நிறைந்துவிட்டது. “நானும் விட்டுட்டு வந்துட்டேன். நீங்களும் இறக்கி விட்டுட்டா அவளுக்கு யாரு இருக்கா?” என்றவள் போனை வைத்துவிட்டாள்.

என்னைக் கேட்டால் இதில் அழ ஒன்றுமில்லை. என்னை யார் கேட்டார்கள்? அன்று மத்தியானமே மாடிவீட்டு ஆனந்தவள்ளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏ தம்பி, பச்சப்பிள்ளையத் தரையில போட்டுட்டு டிவியா பாக்குத?” என்று அவள் பங்குக்குப் போட்டாள். அதிலிருந்து மவுசைத் தொட்டாலே மணிமுத்துவுக்குத் திருட்டு வேலை செய்கிற மாதிரி இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிந்தான். அதுவோ இடுப்பில் நிற்காமல் நெளிந்து, கிளிப்புக் கூடையைப் பார்த்துக் கை நீட்டியது. வேறு வழியில்லாமல் ஒரு தந்திரம் செய்தான். காலையிலேயே பிள்ளைக்கு நாலைந்து சட்டை மாற்றி, அதை இடுப்பில் வைத்திருக்கிற மாதிரி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்வான். அவற்றை மணிக்கு ஒன்றாக அனுப்புவான். பிள்ளை பாட்டுக்குப் பாயில் விளையாடும்.

அந்தப் பகல்கள் நீளமானவை. சாரல் தெருவைக் காலி செய்துவிடும். பேச ஆளில்லாமல் திரையில் சிரிக்கும் மணப்பெண்ணிடம், “நீயாவது சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டிருக்கிறான். மனைவியிடமிருந்து செய்தி வரும். பால் குடித்தாளா, தூங்கினாளா, மூக்கு ஒழுகுதா? எல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். அதில் அவனுக்குக் கோபமில்லை. ஆனாலும் போன் அதிர்ந்தால் வேறு ஏதாவது இருக்குமோ என்று பார்ப்பான். தனியாக இருந்தது அவன்தான், பிள்ளை இல்லை.

ஜூலையில் ஒரு காலை, அவள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. “எப்பப் பாத்தாலும் உங்க கையிலயே இருக்கா. என்னைத் தேடி ஏங்கிட்டா. ஒரு வருசம் லீவு எழுதிட்டேன். சம்பளம் இல்லாட்டியும் பரவால்ல. நாளைக்கு ஆபீஸ்ல குடுத்திருவேன்.”

மணிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் போலீஸ் தேர்வில் இரண்டு தடவை ஓட்டத்தில் தோற்று, மூன்றாம் தடவை அழுதுகொண்டே ஓடி வாங்கிய வேலை அது. அவளைத் தேற்ற அனுப்பிய படங்களே அவளை வீட்டுக்கு இழுத்துவிட்டன. உண்மையை எழுதினான், அழித்தான். மறுபடி எழுதினான். பதினோரு மணியானதும் கை பழக்கத்தில் ஒரு படத்தை அனுப்பிவிட்டது.

அது போன வாரம் எடுத்து, அனுப்பாமல் மிஞ்சிக் கிடந்தது. அன்று ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் பளிச்சென்று விழுந்திருந்தது.

மூன்று நாள் விடாத சாரலில் மழைக்கோட்டோடு ஐந்தருவியில் நின்றவள் பதில் போட்டாள். “நம்ம வீட்டுல மட்டும் வெயில் அடிக்குதோ?”

சாயங்காலம் நனைந்த யூனிஃபார்மோடு உள்ளே வந்தாள். இவன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றான்.

“இறக்கி விடுங்க.”

விட்டான். அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஸ்ரீமதி நேரே கூடைக்குத் தவழ்ந்து போனாள். ஒரு கிளிப், இன்னொரு கிளிப். பத்து நிமிஷம் இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“தினமும் இப்படித்தானா?”

“மொத வாரத்துல இருந்தே.”

“என்னையத் தேடலியா?”

“சாயங்காலமானா வாசலப் பாத்துத் தவழுவா. பகல்ல இல்ல. என்னையும் தேட மாட்டா.”

அவள் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்டால் இரண்டும்தான். “இத ஒரு நாளு அனுப்பியிருக்கக் கூடாதா? ஒவ்வொரு படத்தையும் பாத்து நான் அங்கன நின்னு அழுதிருக்கேன்.”

“இதப் பாத்துத்தான அன்னைக்கு வீடியோ காலுல அழுத?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையிலிருந்து லீவு லெட்டரை எடுத்து டிவி மேல் வைத்தாள். மறுநாள் காலை அதை எடுக்காமலே டூட்டிக்குக் கிளம்பினாள்.

பதினோரு மணிக்கு மணிமுத்து அன்றைய படத்தை அனுப்பினான். மங்கலான வெளிச்சம், பிள்ளையின் முதுகு, சுற்றிலும் கிளிப்புகள். அரை மணி கழித்து, “சரி” என்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“படத்துல உங்களக் காணோமே. சாப்ட்டியளா?”

அதை நாலு தடவை படித்தான். ‘சாப்ட்டேன்’ என்று எழுதினான். அடுப்பில் குக்கர் காலையிலிருந்து திறக்காமலே இருந்தது. எழுதியதை அழித்துவிட்டு, “இன்னும் இல்ல” என்று அனுப்பினான்.