காய்கறித் தட்டும் மூன்று மாத அட்டையும்

பள்ளிப் பேருந்து ஓட்டுபவனுக்கு இரண்டே வேலைகள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது, பிற்பகலில் திரும்பக் கூட்டிவருவது. நடுவில் கிடக்கும் ஆறு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளி அலுவலகம் எதுவும் சொன்னதில்லை. நான் சாப்பிட்டேன். இருபத்துமூன்று வருடம்.

என் பெயர் டாயில் ஹாட்செட். ஊர், அலபாமாவின் வடக்கு மூலையில் இருக்கும் டன்லோ. பேருந்துக்கு வருமுன் காலுறை ஆலையில் பதினான்கு வருடம் விரல்முனைத் தையலைச் சரிபார்த்தேன். ஒரு நூல் பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே பெயர் வாங்கியிருந்தேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் என் தட்டில் கிடந்ததை நான் பார்க்காமல் இருந்தேன்.

என் மனைவி நதீன் விடிகாலை ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். ஆகவே எனக்குக் காலையும் மதியமும் வைனோனா சாப்பாட்டுக் கடையில்தான். எட்டு மணிக்கு, பிளந்தால் ஆவி பறக்கும் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டி, அதன்மேல் மிளகு போட்ட வெள்ளை கிரேவி, ஓரத்தில் சோளக் கஞ்சி. பதினொரு மணிக்கு, சுவரில் மாட்டிய பலகையைப் பார்த்து ஒரு கறியும் மூன்று காயும். இரண்டையும் கொண்டுவந்து வைப்பவள் எர்லீன். முப்பது வருடமாக அங்கே தட்டு தூக்குகிறாள். யார் வந்தாலும் அவளுக்கு ராசாதான்.

பிப்ரவரியில் ஓட்டுநர்களுக்கான உடல் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் கிரெட்சன் லிண்ட், வடக்கே மினசோட்டாவிலிருந்து வந்தவர். ஊருக்கு வந்து நான்கு வருடம்தான், இன்னும் புதியவர். என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் மேலே 168, கீழே 98.

"டிரைவர் தகுதி அட்டை மூணு மாசத்துக்குத்தான் தர முடியும், மிஸ்டர் ஹாட்செட். அதுக்குள்ள 140க்குக் கீழ வரலைன்னா நீங்க பஸ்ஸைத் தொட முடியாது."

"மாத்திரை இருக்குமே டாக்டரம்மா?"

"தர்றேன். அது மட்டும் போதாது. உப்பைக் குறைங்க. கறியை விட்டுட்டுக் காய், கீரைன்னு சாப்பிடுங்க. சாப்பிடறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க."

அந்தப் பேருந்தில் ஐம்பத்தொரு பிள்ளைகள். அது போனால் நான் காலை நாலரைக்கு எழுந்து எங்கும் போகாத ஒரு ஆள். அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

மறுநாள் மதியம் சொன்னேன், "எர்லீன், கறி வேண்டாம். நாலு காய் போட்ட தட்டு."

அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலா ராசா?"

பக்கத்து நாற்காலியில் டிராக்டர் பழுது பார்க்கும் ஹோயட். "நதீன் வீட்டை விட்டுத் துரத்திட்டாளா? சொல்லு, எங்க கொட்டகையில கட்டில் இருக்கு."

"பஸ்ஸை வச்சுக்கணும்னா இனிமே காய்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா."

"அப்ப என்ன காய் வேணும்?" என்றாள் எர்லீன்.

"கொலார்டு கீரை, மொச்சை, பொரிச்ச வெண்டைக்காய், மக்ரோனி."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி காய் வகைதான். பலகையில் காய் வரிசையில் மூன்றாவதாக எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களை நாங்கள் கேள்வி கேட்டதில்லை.

அப்படியே ஆறு வாரம். காலையில் கிரேவிக்குள் கிடக்கும் பன்றிக்கறித் துண்டுகளைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, கிரேவியை மட்டும் வழித்துச் சாப்பிட்டேன். கீரை நல்லதென்றால் கீரை வெந்த சாறு அதைவிட நல்லதாகத்தான் இருக்கவேண்டும் என்று நானே கண்டுபிடித்து, தினம் இரண்டு கிண்ணம் வாங்கி, சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுக் குடித்தேன். எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதினேன். இவ்வளவு கட்டுப்பாடான மனிதனா நான் என்று எனக்கே ஆச்சரியம். நதீனிடம் நோட்டை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை அவள் தூங்கிவிட்டாள்.

இடையில் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். காட்டினேன். 174.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். "மக்ரோனி எப்படிக் காய் ஆச்சு?"

"பலகையில இருக்குதுங்களே."

"சரி. கீரைச் சாறு ரெண்டு கிண்ணம். கீரையை எதோட வேக வைக்கிறாங்க?"

"எதோடயும் இல்லீங்க. வெறும் கீரைதான்."

"உப்பு?"

"உப்பே போட மாட்டாங்க. அதுதான் உப்புல ஊறின பன்றிக்கொழுப்புலயே இருக்குமே."

நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன்.

"மொச்சை?" என்றார் டாக்டர்.

"பன்றிக்கால் முட்டி போட்டு." என் குரல் இறங்கிவிட்டது.

"வெண்டைக்காய்?"

"அது சுத்தமான காய்ங்க. பன்றி நெய்ல பொரிச்சது."

அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். "நீங்க கறி சாப்பிடறதை ஒரு நாளும் நிறுத்தலை. சாறு புழிஞ்சு குடிச்சிருக்கீங்க. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு."

நேரே கடைக்குப் போய், குரலைத் தாழ்த்தி எர்லீனிடம் கேட்டேன், "பன்றி போடாத கீரை கிடைக்குமா?"

எர்லீனுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் சாளரத்தைப் பார்த்து அதை அப்படியே கத்தினாள். கடை முழுக்க முள்கரண்டிகள் நின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு சமையல்காரர் ரூஃபஸ் வெளியே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"யாரு கேட்டது?"

எர்லீன் தாடையால் என்னைக் காட்டினாள்.

"என் கீரையில என்ன குறை கண்டீங்க, மிஸ்டர் டாயில்?"

"குறையே இல்ல ரூஃபஸ். கொழுப்பு இல்லாம கொஞ்சம்..."

"கொழுப்பு இல்லாம வெந்தா அதுக்குக் கீரைன்னு பேரு இல்லீங்க. புல்லு. ஹோயட் கிட்ட கேளுங்க, மெஷின்ல நிறைய மாட்டியிருக்கும்."

"ரூஃபஸ்," என்றாள் எர்லீன், "இந்த மனுசனுக்கு பஸ் போச்சுன்னா நாள் பூரா இங்கயேதான் உக்காந்திருப்பாரு. வாயை மூட மாட்டாரு. யோசிச்சுக்கோ."

ரூஃபஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சின்னச் சட்டி தேடப் போனார். கதவருகில் நின்று, "இது என் கையால செஞ்சதுன்னு வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

முதல் வாரத்துக் கீரையைப் பற்றி நோட்டில் 'உண்டேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மொச்சை அதைவிட மோசம். ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் பதினெட்டு மைல் ஓட்டிப்போய் வேறொரு ஊர்க் கடையில் கிரேவி கேட்டேன். பரிமாற வந்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க டன்லோ பஸ் டிரைவர்தானே? எர்லீன் எனக்குப் பெரியம்மா. போன் பண்ணிக் கேக்கட்டுமா?" தக்காளியை நறுக்கி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் ஹோயட்டின் மனைவி, புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வாசிக்கும் நோயாளிகள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருந்தாள். ரத்த அழுத்த எண்ணோடு. வியாழக்கிழமை காலை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படியில் நின்று, "மிஸ்டர் டாயில், மக்ரோனி காய் இல்லையாம், எங்கம்மா சொன்னாங்க" என்றாள். போய் உட்காரச் சொன்னேன்.

என்னைக் காப்பாற்றியது ஜெபமா, ரூஃபஸின் ரோஷமா, தெரியவில்லை. பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வரும் தட்டை அவரால் பார்க்க முடியவில்லை. பத்தாம் நாள் கீரையில் சிவக்க வதக்கிய வெங்காயம் வந்தது. அப்புறம் பூண்டும் காடியும். பிறகு புகைபோட்ட மிளகாய்த் தூள். நான்காம் வாரம் என் கிண்ணத்துக்குள் ஹோயட்டின் கரண்டி வந்தது. "உனக்கு வியாதியா?" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

மே மாதம், கடைசி நாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார். மறுபடி பார்த்தார். 136க்கு 84. ஒரு வருட அட்டை எழுதித் தந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் எர்லீன் புருவத்தைத் தூக்கினாள். எண்ணைச் சொன்னேன். சாப்பாட்டு ஆர்டரைக் கத்துவது போலவே சாளரத்தில் கத்தினாள். உள்ளேயிருந்து ரூஃபஸ், "அப்ப நாளையிலேர்ந்து பழைய கீரையா?" என்றார்.

"ஒரு வருசம்னு எழுதியிருக்கு ரூஃபஸ். வருசம் பூரா இதேதான்."

உள்ளே ஏதோ சட்டி விழுந்தது.

இரண்டு மணிக்குக் கடையை மூடினார்கள். இரண்டேகாலுக்குப் பேருந்தைக் கிளப்பினேன்.