மோவாபியப் பெண்ணுக்கு இரவல் சேலை

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவதாக முடிவெடுத்தபோது, மாமி வேடத்துக்கு என்னைக் கேட்பதற்காகத் தலைவி சிட்னியின் மெரிலேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, என் இரத்த அழுத்தத்தை விசாரித்து முடித்த பிறகு காரணத்தைச் சொன்னார்.

"அக்கா, உங்களுக்குத்தானே அனுபவம் இருக்கு."

அவர் சொன்னது நடிப்பு அனுபவத்தை அல்ல. வேதாகமத்தில் வரும் அந்த மாமி, பஞ்சம் பிழைக்க பெத்லகேமிலிருந்து மோவாபு தேசத்துக்குப் போனவள். போன இடத்தில் கணவனும் மகன்மாரும் இறந்துபோகிறார்கள். நான் கணவனை யாழ்ப்பாணத்திலும் ஒரே மகனைச் சிட்னியிலும் பறிகொடுத்தவள். ஆகவே வேடத்துக்கு வேண்டிய தகுதி முழுவதும் என்னிடம் இருந்தது. வெள்ளைச் சேலைகூட வாங்கத் தேவையில்லை.

மீதிக் கதை இதுதான். ஊர் திரும்பப் புறப்படும் மாமி, மோவாபிய மருமகள்மார் இருவரையும் தாய் வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஒருத்தி அழுதுவிட்டுப் போய்விடுகிறாள். மற்றவள் போகமாட்டேன் என்று கூடவே வந்து, அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமிக்குச் சாப்பாடு போடுகிறாள். பெத்லகேம்காரருக்கு மோவாபியரைக் கண்ணில் காட்ட முடியாது. பக்கத்து நாட்டார், தூரத்துச் சொந்தம், தலைமுறை தலைமுறையாகப் பகை.

என் மருமகள் சிங்களப் பெண். தலைவிக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கதைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கக்கூடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மகன் அவளைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் தம்பியை ஒரு காலையில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு சிங்களம் காதில் விழுகிற இடத்தில் நான் நிற்பதில்லை. மகன் என்னைச் சிட்னிக்கு அழைத்துக்கொண்டபோது அவர்கள் வீட்டிலேயே இருந்தேன், அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டேன், அவளோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினேன். பல்லைக் காட்டாமல் சிரிக்கிற கலையை நான்கு வருடம் பயின்றேன்.

அவள் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். சிங்களத்திலும் அம்மாவுக்கு அம்மாதான். அவள் எந்த மொழியில் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல், எந்த மொழியில் கோபப்படுவது என்றும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மகன் ஒரு வேலைநாள் காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நாற்பது வயது ஆகவில்லை. செத்தவீட்டுக்கு மெல்பேர்னிலிருந்து என் தங்கச்சி வந்தாள். கிளென் வேவர்லியில், நல்ல பள்ளிக்கூடத்துக்கு இடம் கிடைக்கும் தெருவாகப் பார்த்து வீடு வாங்கியவள் அவள். "அக்கா, நீ இனி என்னோட வந்து இரு. பேரப்பிள்ளையளை ஸ்கூலால கூட்டிவாறதுக்கும் ஆள் இல்லை" என்று அழுதாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. சபையார் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, "அந்தப் பிள்ளை இனி எங்க நிக்கப்போகுது, தன்ர ஆக்களிட்டப் போயிடும்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

ஆனால் நான் கிளென் வேவர்லிக்குப் போகவில்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வாடகை வீட்டு ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, மகனின் பெயர் இருந்த இடத்தில் மருமகள் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குசினிக்குள் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு வாழ்க்கை கிடக்கு. நீ உன்ர அம்மாவிட்டப் போ" என்றேன். அன்றைக்குத்தான் முதல்முறை அவளோடு தமிழில் பேசினேன் என்பது பிறகே உறைத்தது.

அவள் குழாயை மூடாமலே, மகன் சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "எங்க போறது அம்மா? லீஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு. ரெண்டு பேரும் சைன் பண்ணினது. நாளைக்கு உங்களுக்குக் கண் டொக்டர். ஒன்பது மணி. மறக்க வேணாம்."

'நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன்' என்று அந்த மோவாபிய மருமகள் சொன்ன மறுமொழியை உலகமெங்கும் கல்யாண வீடுகளில் வாசிக்கிறார்கள். என் மருமகள் சொன்னதை எந்தக் கல்யாண வீட்டிலும் வாசிக்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் ஒன்பது மணிக்கு நாங்கள் கண் டொக்டரிடம் இருந்தோம்.

நாடகத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர் தங்கள் ஆராதனையை முடித்துக்கொண்டு போன பிறகு, பிற்பகலில் அவர்களுடைய மண்டபத்தில் ஒத்திகை. மகன் போனதிலிருந்து ஆராதனைக்கும், இப்போது ஒத்திகைக்கும், மருமகள்தான் காரில் கொண்டுபோய் விடுவாள். அவள் புத்த சமயம். என்னை இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் இருந்து புத்தகம் படிப்பாள். உள்ளே வா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐக்கியத்தில் எல்லோரும் பெண்கள் என்பதால், மோவாபியப் பெண்ணைக் கடைசியில் மணக்கும் வயல்காரர் வேடத்தைத் தலைவியே எடுத்துக்கொண்டு, மீசையும் வாங்கிவிட்டார். வாற்கோதுமைக் கதிருக்கு எங்கே போவது? ஒருவர் பின்வளவில் வளர்த்த எலுமிச்சைப் புல்லை வெட்டிவந்தார். பெத்லகேம் முழுவதும் தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடை மாதிரி மணந்தது. மோவாபியப் பெண்ணாக நடித்தது செயலாளரின் மகள். இங்கே சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் பிறந்து வளர்ந்து, பல் வைத்தியம் படிக்கிற பிள்ளை. தமிழ் வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கினாள்.

மூன்றாவது ஒத்திகையில் உடுப்புப் பிரச்சினை வந்தது.

"அவள் மோவாபியப் பிள்ளை எண்டு சனத்துக்குப் பாத்த உடன விளங்கவேணும். எங்களை மாதிரிச் சேலை கட்டினா ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றார் தலைவி.

"கண்டிச் சேலை கட்டிவிட்டா என்ன?" என்றார் செயலாளர். "அது வேற ஆக்கள் எண்டு உடன தெரியும்."

சிங்களப் பெண்கள் இடுப்பில் மடிப்புத் தொங்கக் கட்டும் ஒசரிச் சேலையைத்தான் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் என் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். தலைவிதான் தைரியசாலி.

"அக்கா, உங்கட வீட்டில ஒண்டு இருக்கும்தானே?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அன்று நான் சொன்னது, "ஓம், கேட்டுப் பாக்கிறன்."

கேட்டேன். மருமகளிடம் ஒரே ஒரு ஒசரிதான் இருந்தது. கல்யாணத்துக்குக் கட்டியது. அலுமாரியிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மடிப்புகளை நீவினாள். பிறகு, "யார் கட்டிவிடுறது? அவங்களுக்குத் தெரியாதே" என்றாள். "நான் வாறன்."

ஆக, இரண்டு வருடமாகக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டாதவள், ஆண்டுவிழா அன்று ஊசிப் பெட்டியோடு மண்டபத்துக்குள் வந்தாள். மேடைக்குப் பின்னால் முழங்காலில் நின்று, அந்தப் பிள்ளைக்கு மடிப்பு மடிப்பாகக் கட்டிவிட்டாள். பிள்ளை ஆங்கிலத்தில், "வடிவாயிருக்கு. கடைசியா எப்ப கட்டினீங்கள்?" என்று கேட்டாள். "என் கல்யாணத்துக்கு" என்றாள் மருமகள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அசையாமல் நின்றாள். அன்று அந்த மண்டபத்தில் இங்கிதம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மேடையில் நான் அழுதுகொண்டு, "போங்கோ பிள்ளையள், உங்கட தாய் வீட்டுக்குப் போங்கோ" என்றேன். ஒருத்தி போனாள். செயலாளரின் மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு, பிரியவே மாட்டேன் என்ற நீண்ட வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். சபை விம்மியது. முன்வரிசையில் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் குனிந்து பார்த்தேன். அந்தச் சேலையின் பொன் கரையை நான் கடைசியாகப் பார்த்தது என் மகனுக்குப் பக்கத்தில். அன்றைக்கு அதை நேராகப் பார்க்கக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது பார்த்தேன். அடுத்த வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து யாரோ மூன்று முறை எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. சனம் அதை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு வசனம் மறந்ததற்காகக் கிடைத்தது.

முடிவில் தலைவி, மீசையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நன்றியுரை சொன்னார். மண்டபம் தந்த வெள்ளைக்காரருக்கு நன்றி. ஒலிபெருக்கிக்கு நன்றி. சிற்றுண்டிக்கு ரோல்ஸ் சுட்டவருக்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் நன்றி. "சேலை தந்து உதவின, எங்கட அக்கா வீட்டில நிக்கிற பிள்ளைக்கும் நன்றி."

நான் எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கி நாலடி தூரத்தில் இருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

காரில் வரும்போது மருமகள் கேட்டாள். "அம்மா, வீட்டில நிக்கிற பிள்ளை யாரு?"

"நீதான்."

"போர்டிங் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆனா மீசை அன்ரி நல்ல நடிப்பு" என்றாள் கொஞ்சம் பொறுத்து.

மறுநாள் காலையில் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவள் என்ர மருமகள்" என்றேன்.

"அது எல்லாருக்கும் தெரியும்தானே அக்கா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சபையில சில பேருக்கு மனம் நோகும். நாங்கள் ஊரில என்ன பட்டனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாததே?"

"தெரியும். என்ர தம்பியும் போனவன். ஆனா அவனைக் கொண்டுபோனது இவள் இல்லை. என்னைக் கண் டொக்டரிட்டக் கொண்டுபோறதுதான் இவள்."

அவர் யோசித்துவிட்டு, வருகிற ஞாயிறு மருமகளுக்காக விசேஷமாக ஜெபிப்பதாகச் சொன்னார். எதற்காக என்று கேட்டேன். அவள் மனந்திரும்புவதற்கு என்றார்.

இரண்டு மாதம் கழித்து, எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிற மருமகளுக்கு மெல்பேர்னில் ஒரு மருத்துவமனையில் நல்ல பதவி கிடைத்தது. லீஸும் முடிகிற நேரம். சாப்பாட்டு மேசையில், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க தங்கச்சி அங்க இருக்காங்க, அம்மா. நீங்க அவங்க வீட்டில இருக்கலாம். நான் கொண்டுபோய் விடுறேன்."

பிரியமாட்டேன் என்று சொல்லும் அந்த நீண்ட வசனத்தை ஒத்திகையில் கேட்டுக் கேட்டு எனக்கு முழுப் பாடம். என் வாயில் வந்தது வேறு.

"நீ பாத்த வீட்டில எத்தினை அறை?" என்றேன்.

"ரெண்டு."

"மற்ற அறை ஆருக்கு?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அழுததை நான் அன்றுதான் கண்டேன். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கட்டிப்பிடிக்க எனக்குத் தெரியாது. அவளுடைய சோற்றுக் கோப்பையையும் எடுத்துக் கழுவினேன்.

தங்கச்சி தொலைபேசியில் சீறினாள். "மெல்பேர்னுக்கு வந்து என்ர வீட்டில இல்லாமல் சிங்களத்தியோடயோ இருக்கப்போறாய்? சனம் என்ன கதைக்கும்?"

"பத்துக் கிலோமீற்றர் தள்ளித்தான் இருக்கப்போறன். அங்க சனம் கதைக்கிறது உனக்குக் கேக்காது" என்றேன்.

சபையார் எனக்குப் பிரியாவிடைக் கூட்டம் வைத்தார்கள். அந்நியர் நடுவே போகிற இந்தச் சகோதரியைக் கர்த்தர் காக்கவேண்டும் என்று தலைவி உருக்கமாக ஜெபித்தார். ஆமென் என்று நானும் சொன்னேன். பக்கத்தில் மருமகளும் இருந்தாள். இந்த முறை நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்திருந்தேன். அவள் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் மூன்று மாதம் தங்கச்சி எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, நான் மெலிந்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுப் போனாள். நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். அது அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலியோடு எக்ஸ்ரே படத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மருமகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கீழே இருந்து, தங்கச்சியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மெல்ல மடக்கி நீட்டிக் காட்டினாள். டொக்டர் சொன்னபடி பயிற்சி செய்யவேண்டும், ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளைக்குக் கை நல்ல மெதுமை. என்ர மருமகள் ஒரு நாளும் இப்படிப் பாக்கமாட்டாள்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். சொன்ன பிறகு திடுக்கிட்டு, "இவளுக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குமோ?" என்று கேட்டாள்.

"விளங்கும் அன்ரி" என்றாள் மருமகள். "மற்றக் காலையும் தாங்க."