வாப்பாவுக்கு ஒரு இண்டர்வியூ

வளைகுடாவிலிருந்து வந்து இறங்குகிறவரிடம் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "எப்பம் வந்திய?" என்பது முதலாவது. அதற்குப் பதில் வருவதற்குள், "இனி எப்பம் போறிய?" கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் நிற்பவரிடம் மணி கேட்பதுபோலத்தான். வாப்பாவும் ஒவ்வொரு லீவிலும் சளைக்காமல் தேதி சொல்லிவந்தார். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் மட்டும் இரண்டாவது கேள்விக்குச் சிரித்துவிட்டு, "கேன்சல்ல வந்திருக்கேன்" என்றார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார் என்று அர்த்தம். கேட்டவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எனக்கு வாப்பா என்றால் வெள்ளிக்கிழமை ஃபோன். அவரும் இரண்டு கேள்விதான் கேட்பார். "சாப்பிட்டியா மக்ளே? நல்லா படிக்கியா?" நான் இரண்டு 'ஆமா' சொல்லிவிட்டு ஃபோனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஃபோனில் சரளமாக வந்த 'வாப்பா' என்ற சொல், தக்கலையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் கைலியோடு உட்கார்ந்திருக்கும்போது தொண்டையிலேயே நின்றுகொண்டது. உம்மா தையல் மெஷினில் இருந்தால் அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டியது என் பொறுப்பு. கிட்டே போய் நின்று இருமுவேன்.

அவருக்கும் வீடு பழகவில்லை. சோப்பு, பிரஷ், துண்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். குளிக்கப் போகும்போது எடுத்துப் போய், திரும்ப அங்கேயே கொண்டுவந்து மாட்டுவார். பலபேரோடு ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் தூங்கிய பழக்கம். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் உம்மாவைப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைப்பார். அவ்வளவு நல்ல விருந்தாளி எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நாகர்கோவிலில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு வீட்டுச் சாமான் கடையில் குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வாப்பா சொல்லிவைத்தார். சம்பளம் அங்கே வாங்கியதில் பாதிகூட வராது என்று உம்மா சொன்னாள். "ஒதுக்கிச் செலவழிச்சா போதும்" என்றார் வாப்பா. இண்டர்வியூவுக்கு வரச்சொல்லி ஃபோனும் வந்துவிட்டது. அவருடைய பயமெல்லாம் இங்கிலீஷ்தான். அரபியும் இந்தியும் மலையாளமும் பேசி ஒரு சூப்பர்மார்க்கெட் குடோனையே சமாளித்தவருக்கு, இங்கிலீஷ் மட்டும் அட்டைப்பெட்டிகளில் படித்ததோடு சரி.

"அவளுக்குத்தான் நல்லா வரும்லா. அவகிட்ட பேசிப் படியுங்கோ" என்றாள் உம்மா, மெஷினிலிருந்து தலையெடுக்காமல்.

நான் பிடித்துக்கொண்டேன். உம்மாவின் ஃபோனில் இண்டர்வியூ சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்துக் கேள்வியும் பதிலும் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன். எதிரில் காலி நாற்காலி. வாப்பா அடுக்களைப் பக்கம் நின்று கதவைத் தட்டுவார்.

"மே ஐ கம் இன் சார்?"

"யெஸ்."

நான் சொல்லும் முன் உட்கார்ந்துவிட்டால் திரும்பப் போய்த் தட்ட வேண்டும். கையைக் கட்டக் கூடாது. எதைக் கேட்டாலும் 'மாஃபி முஷ்கில்' என்று அரபியில் வரும், பிரச்சினை ஒன்றுமில்லை என்று. அதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் "செரி சார்" என்பார். கண்டிப்பில் எங்கள் கணக்கு டீச்சரை நான் மிஞ்சிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த மேசையில்தான் வாப்பாவை எனக்குத் தெரியவந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கப் போய்த்தான், அவர் பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் டீமில் இருந்த கதை வந்தது. "மேரீட். ஒன் டாட்டர்" என்று அவர் சொன்னபோது, அந்த டாட்டர் யாரோ என்பதுபோலத் தலையாட்டினேன். வேலையில் மறக்க முடியாத நாள் எது என்றதற்கு, நான் பிறந்த நாளைச் சொன்னார். கோழிப் பெட்டிகள் அடுக்கும் குளிர் அறைக்குள் அன்று அவருக்கு வேலை. உள்ளே ஃபோனில் சிக்னல் எடுக்காது. சாயங்காலம் வெளியே வந்தபிறகுதான் சேதி தெரிந்ததாம். உங்கள் பலவீனம் என்ன என்றதற்கு, "தூக்கம் வராது சார்" என்றார். உண்மையான பலவீனத்தைச் சொல்லக் கூடாது என்று வீடியோவில் கேட்டதை எடுத்துச்சொன்னேன்.

"அப்பம் பொய்யா சொல்லணும்?" என்று சிரித்தார். அவர் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

நான் ஒற்றைப் பிள்ளை. சாயங்காலங்களில் தையல் மெஷின் சத்தம்தான் துணை. அதனால் அந்த மேசை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கடைசிப் பீரியடில் பாடத்தை விட்டுவிட்டு, இன்று அவரிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மேசையை விட்டு எழுந்துவிட்டாலோ எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவர் ஒரு பக்கம் போவார், நான் ஒரு பக்கம் போவேன்.

இண்டர்வியூவுக்கு முந்தைய நாள் எல்லாக் கேள்விக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. கடைசிக் கேள்விக்கு வந்தேன். "எங்களிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?"

வாப்பா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நான் இனி எங்கயும் போவாம இஞ்சயே இருந்தா ஒனக்கு இஷ்டந்தானா மக்ளே?"

அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் கடைசியில் சொதப்புகிறாரே. போதாததற்கு, சார் என்று சொல்லாமல் மக்ளே வேறு.

"இப்பிடில்லாம் கேக்கப்பிடாது. கம்பெனி இனி எப்பிடி வளரும்னு கேக்கணும்."

அவர் "செரி சார்" என்றார். அந்தக் கம்பெனிக் கேள்வியை இங்கிலீஷில் சொல்லவைத்து உச்சரிப்பையும் திருத்தினேன். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் தேய்த்த சட்டையோடு நாகர்கோவில் பஸ் ஏறிப் போய்வந்தார். அடுத்த வாரமே வேலைக்கு எடுத்துக்கொண்டதாக ஃபோன் வந்தது. அன்று சாயங்காலம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அடுக்களைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மே ஐ கம் இன் சார்?" வாப்பா கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் இருந்தது.

"இண்டர்வியூதான் முடிஞ்சிட்டுல்லா" என்றேன், எழுதிக்கொண்டே.

"ஆமா. முடிஞ்சிட்டு" என்றார். பொட்டலத்தை மேசையில் வைத்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்தபோது ஆளில்லை.

அந்த வேலையில் வாப்பா சேரவில்லை. பழைய கூட்டாளி ஒருவர் விசா அனுப்பினார். இந்தச் சம்பளம் பத்தாது என்று வாப்பா எல்லாரிடமும் சொன்னார், எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இனி எப்பம் போறிய என்றவர்களுக்கு மறுபடி ஒரு தேதி கிடைத்தது. அவர்கள் முகமும் தெளிந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பாஸான ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கு என்ன மரியாதை?

அவர் போன பிறகு கட்டில் தலைமாட்டில் ஆணி மட்டும் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்களையைப் பார்த்து "யெஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அழுகை வந்தது.

ஏன் போனீர்கள் என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் சம்பளம் என்றுதான் சொல்வார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். இண்டர்வியூவில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பது அந்த வயதில் எனக்கு அத்துப்படி. மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து வந்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

நான் 'யெஸ்' சொல்லிப் பார்த்த அந்த வாரமும் வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

"சாப்பிட்டியா மக்ளே? நல்லா படிக்கியா?"

இரண்டு 'ஆமா' சொல்லிவிட்டு ஃபோனை உம்மாவிடம் கொடுத்தேன். இன்னொரு 'ஆமா' பாக்கி இருந்தது எனக்குத் தெரியாது.