தூமகேது போட்ட கணக்கு

அண்ணன் சொன்ன கதையில் எனக்குப் பிடித்தவன் கெட்டவன்தான். அவன் பெயர் தூமகேது. சனி மண்டலத்து வளையத்தின் மேல் கோட்டை கட்டிக்கொண்டு, ஒன்பது மண்டலங்களையும் சூழ்ச்சியால் வளைக்கப் பார்த்த மந்திரி. செவ்வாய் மண்டலத்து இளவரசனிடம் நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடுகிற கப்பல் ஒன்று இருந்தது. அதை முடக்குவதற்குத் தூமகேது நாளுக்கொரு திட்டம் போடுவான். கதை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அண்ணன் புதுச்சேரியில் தங்கி பிரெஞ்சுப் பள்ளியில் படித்துத் தேறியவன். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, பாகூருக்குத் திரும்பி வந்து காத்திருந்தான். படித்த பிள்ளை ஏர் பிடிக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவனுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆகவே மாலையில் ஏரி மதகின் மேல் உட்கார்ந்து ஒன்பது வயதுத் தங்கைக்குக் கதை சொல்வதுதான் அப்போது அவன் பார்த்த உத்தியோகம்.

தூமகேது ஒவ்வொரு முறையும் தோற்றது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணா அவன் எப்பவும் தோத்துப்பூடறான்? அவன்தான கெட்டிக்காரன்?” என்று சண்டை பிடித்தேன்.

“கெட்டிக்காரன்தான். தன் புத்தி மட்டுந்தான் புத்தின்னு நெனச்சிக்கிறான். எதிர்ல நிக்கறவன் மனசுல இன்னா இருக்குதுன்னு அவன் பாக்கறதே இல்ல” என்றான் அண்ணன்.

நானாக இருந்தால் தோற்கமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆடியில், கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனிலிருந்து உத்தரவு வந்தது. சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பத்து நாளில் கப்பல். அப்பா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சைகோன் போனவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் மதகின் மேல் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் எல்லோரும் நாற்றங்காலுக்குப் போனதும், அண்ணனின் பெட்டியைத் திறந்து உத்தரவும் கப்பல் சீட்டும் இருந்த நீள உறையை எடுத்தேன். நெல் பத்தாயத்தில் ஏறி, தோள் வரை கையை விட்டுப் புதைத்தேன். காகிதம் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஏற்றாவிட்டால் அண்ணன் வீட்டில் இருப்பான். தூமகேதுவே இத்தனை சுத்தமாகத் திட்டம் போட்டதில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வீடு அமளிப்பட்டது. பெட்டி, பரண், பாய்ச் சுருள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் எலி வளைகளில் குச்சி விட்டுத் தேடினேன். அப்பா ஊர்க் காரியங்கள் நடக்கும் மேரி அலுவலகத்துக்கு ஓடினார். நகல் பட்டணத்திலிருந்து வரவேண்டும் என்றார் குமாஸ்தா. நகல் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. அந்த இடத்துக்குப் பட்டியலில் அடுத்திருந்த பையன் போனான். நான் ஜெயித்துவிட்டேன்.

அன்று சோற்றுத் தட்டின் முன் அப்பா சொன்னார்: “இத்தினி வருஷம் படிச்சி இன்னா? ஒரு காயிதத்தப் பத்திரமா வச்சிக்கத் துப்பில்ல. வூட்டுல குந்தித் துன்னு, போ.”

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அதன் பிறகு அவன் அப்பாவோடு ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரவில்லை. மதகுக்கும் வருவதில்லை. வீட்டில் இருந்தான், ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. இது என் திட்டத்தில் இல்லாதது.

ஐப்பசியில் நெல் அவிக்க அம்மா பத்தாயத்தைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இறங்கி அள்ளிக் கொடுத்தவன் அண்ணன். நான் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டேன். அவன் வெளியே வந்து கை கால் கழுவினான், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உறை அவன் கண்ணில் படவில்லை என்று நான் முடிவு செய்தேன்.

அன்று மாலை அவனே என்னை மதகுக்குக் கூப்பிட்டான். கதையை முடித்துவிடுவதாகச் சொன்னான். தூமகேது இளவரசனின் கப்பல் சாவியைத் திருடிவிடுகிறான். இந்த முறை அவன்தான் ஜெயிக்கிறான், கோட்டையில் கொண்டாட்டம். ஆனால் கப்பல் இல்லாத இளவரசன், மண்டலங்களுக்கு நடுவே எரிகிற நெருப்பு வாசல் வழியாக நடந்தே கிளம்பிவிடுகிறான்.

“சாவி இல்லன்னா அவன் அங்கியே கெடப்பான்னு தூமகேது நெனச்சிட்டான். அங்க இருக்கவும் முடியாம ஒருத்தன் தவிப்பான்னு அவனுக்குத் தெரியல” என்றான்.

“அப்ப நெருப்புல அவன் செத்துப்பூடுவானா?”

“தெரியலடி” என்று சொல்லி என் தலையில் கை வைத்தான். முடிவு நன்றாக இல்லை என்று நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

யுத்தம் தொடங்கியிருந்தது. பட்டணத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார்கள். அண்ணன் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். எழுத்தர் வேலைக்குப் போவதற்கு அத்தனை சர்க்கரை கொடுத்த அப்பா, அவன் புறப்பட்ட காலையில் வயலிலிருந்து வரவேயில்லை. வண்டியில் ஏறும்போது அண்ணன் என்னிடம், “அம்மாவப் பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னான்.

அவனுக்குப் பதிலாகச் சைகோன் போனவர் யுத்தமெல்லாம் முடிந்து, காதோரம் நரைத்து, வடம் போட்ட கடிகாரத்தோடு ஊர் திரும்பினார். அது பிறகு நடந்தது.

அண்ணன் போன மறு வருஷம் மேரியிலிருந்து ஆள் வந்து எங்களை அழைத்தான். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். குமாஸ்தா பிரெஞ்சில் இருந்த காகிதத்தைத் தனக்குள் இரண்டு முறை படித்துவிட்டு, “காணலன்னு எழுதியிருக்காங்க” என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“செத்துட்டான்னு எழுதல இல்லீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. காணலன்னுதான்.”

“அப்ப தேடுவாங்க இல்ல?”

அவர் காகிதத்தை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அழவில்லை. அதனால் அது நல்ல செய்தி என்று எனக்குத் தோன்றியது. வீடு திரும்பியதும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடி, எங்கள் அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.