பலகைக்கு அடியில் இருந்த துரு

இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியின் ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் அவள். ஐம்பதை நெருங்கியபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டு செய்கிற காரியம் ஏதாவது தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. பஸ் ஓட்டும் நாத்தனாரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாள். கணவர் மட்டும், "நான் கரையில இருந்தே கை காட்டறேன்" என்று நழுவிக்கொண்டார்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம், பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எவ்வளவு முறுக்கினாலும் மறு வாரமே தொய்ந்துபோயின.

"கம்பி பழசாயிடுச்சு அண்ணி, மாத்திடலாம்" என்றாள் நாத்தனார்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அளந்து பார்த்தாள். கம்பி நீளவில்லை. அப்படியென்றால் பாய்மரம்தான் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகுக்குள் மண்டியிட்டு, கடைசித் தரைப்பலகையின் திருகாணிகளை மல்லுக்கட்டிக் கழற்றினாள். அடியில் உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பாய்மரம் என்று பெயர்தானே தவிர, அது நெடிய அலுமினியக் குழாய். அதைத் தாங்கி நின்ற இரும்புப் பீடம் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. குழாயின் அடியிலோ வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பீடத்தைச் சுத்தியலால் தட்டினாள். கணீரென்று வர வேண்டிய சத்தம் சொத்தென்று வந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதும் அது பிடிவரை உள்ளே போய்விட்டது.

போன மாதம்தான் பலத்த காற்றில் இதை நம்பி இருவரும் நடுக்கடலில் இருந்தார்கள். படகு வாங்கிய அன்று "எல்லாம் பாத்தாச்சு" என்று சொன்னவள் அவள்தான். திருகாணி இறுகியிருந்ததால் இந்தப் பலகையை மட்டும் திறக்காமல் விட்டிருந்தாள்.

அன்றைக்கே நாத்தனாரிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நானும்தானே மேல உக்காந்துகிட்டு ஓட்டினேன். ஒரு தடவையாவது குனிஞ்சு பாத்தேனா? விடுங்க அண்ணி. இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க."

படகுப் பட்டறை மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "மேல ஒரு தகடு வெச்சு வெல்டு அடிச்சா அஞ்சு வருஷத்துக்கு அசையாதும்மா."

"எலும்பு முறிஞ்சு வர்றவங்களுக்குப் பவுடர் பூசியா அனுப்பறோம்? அடியோட எடுத்துடலாம் மேஸ்திரி."

கிரேன் வைத்துப் பாய்மரத்தைத் தூக்கினார்கள். பழைய பீடம் கடப்பாரைக்கு வேலையே வைக்கவில்லை, கையோடு வந்தது. குழாயின் அடியில் கெட்டுப்போன நான்கு விரல்கடையை அவள் அறுக்கச் சொன்னாள்.

"மரம் குட்டையாயிடாதா?" என்றாள் நாத்தனார்.

"பீடத்த அதே அளவுக்கு ஒசத்திட்டா உச்சி இருந்த எடத்துலயே நிக்கும்."

புதுப் பீடத்துக்கு இரும்பு வேண்டாம் என்பதிலும் அவள் பிடிவாதமாக இருந்தாள். அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் அரிப்பு சும்மா இருக்குமா? தடித்த ஃபைபர் பலகைகளை ஒட்டி, தண்ணீர் தேங்காமல் ஓட வழியும் விட்டு, அட்டையில் அவள் வெட்டிக் கொடுத்த அளவுப்படி பட்டறையில் செய்தார்கள்.

கொண்டுவந்து வைத்தால், நொண்டி நாற்காலி மாதிரி ஆடியது. படகின் அடித்தளம் அட்டைக்கு அகப்படாத மேடு பள்ளமாக இருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார்தான் சாக்பீஸை எடுத்துத் தளமெங்கும் தேய்த்தாள். பீடத்தை வைத்து எடுத்தால், இடிக்கிற இடத்தில் மட்டும் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. அங்கே அரத்தால் ராவினார்கள். மறுபடி வைத்தார்கள், மறுபடி ராவினார்கள். இரண்டு ஞாயிறு அதிலேயே போயிற்று. பதினோராவது தடவை பீடம் அசையவில்லை. இருவரும் அதன் மேல் ஏறி நின்று குதித்தே பார்த்துவிட்டார்கள். பிறகுதான் பசை பூசி, போல்ட்டு போட்டு இறுக்கினார்கள்.

பாய்மரத்தை நிறுத்துகிற நாளில் கணவரும் வந்தார். மரம் ஆடாமல் இருக்க, அதில் கட்டிய ஒரு கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். மேல்தளத்தில் நின்று அவள் கிரேனுக்குக் கை காட்ட, நாத்தனார் உள்ளே பீடத்தருகே குந்தியிருந்தாள். மரம் மெல்ல இறங்கி, ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றுவிட்டது.

"பின்னாடி வரணும் அண்ணி!"

என்ன செய்தும் வரவில்லை. அளவு தப்பிவிட்டதோ? நிமிர்ந்து பார்த்தால், கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை முன்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, கயித்த விடுங்க! நீங்கதான் பிடிச்சு வெச்சிருக்கீங்க!"

"பிடிச்சுக்கச் சொன்னது நீதானே?" என்று அவர் விட்டதும், மரம் டக்கென்று பீடத்தின் குழிக்குள் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து நாத்தனார் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

மறு வாரம் நல்ல காற்று. பாய் புடைத்து, படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடியது. நடுவழியில் அவள் கீழே இறங்கிப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தாள். பீடம் அசையவே இல்லை. அன்று அவள் மூன்று தடவை இறங்கிப் பார்த்தாள். அடுத்த வாரம் ஒரு தடவை. அதற்கடுத்த வாரம் மேலேயே உட்கார்ந்து, நாத்தனார் சொன்ன பஸ் கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் கழிந்தும் கம்பிகள் தொய்யவில்லை. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "எங்க படகையும் ஒரு தடவை பாக்கறீங்களா?"

"வர்றேன்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.