பெரியப்பாவின் இரண்டாவது பிரேக்

பெரியப்பா மருத்துவமனைக்குக் கிளம்பிய திங்கட்கிழமை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. காரை நான்தான் ஓட்டினேன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் வேலைவெட்டி இல்லாத ஒரே ஆள் நான். பெரியம்மா பின்சீட்டில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியப்பா, தெருமுனை வருவதற்குள் வெறும் தரையைப் பலமுறை மிதித்துவிட்டார்.

"அங்க பிரேக் இல்ல பெரியப்பா. இது உங்க ஸ்கூல் கார் இல்ல."

"தெரியும். நீ ஓட்டுற அழகுக்குக் கால் தானாப் போகுது."

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேர் அதன் தயவில் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகும் எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான்: "ஆபீஸர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கால் நடுங்கினாலும் முகத்துல காட்டாத."

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. அதுவரை பிடித்து நிறுத்தியிருந்த ஹார்மோன் ஊசி மட்டும் இனிப் போதாது என்றார் டாக்டர். ஊசியோடு ஒரு புது மாத்திரையைச் சேர்த்துப் பார்க்கும் மருந்துச் சோதனை நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டருக்கும் தெரியாது.

"யாருக்குமே தெரியாதுன்னா வண்டியை யார் சார் ஓட்டுறது?" என்று கேட்டார் பெரியப்பா. டாக்டர் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

ஊசியால் அவருக்கு அவ்வப்போது உடம்பு குப்பென்று சூடாகும். அப்போது சட்டையைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் நிற்பார்.

"மாதவிலக்கு நிக்கிற வயசுல எனக்கு இப்படி வந்தப்ப, குளுருதுன்னு ஃபேனை அணைச்சது யாரு?" என்பார் பெரியம்மா.

"இப்ப அதைக் கிளறணுமா?"

"இல்ல, ஞாபகப்படுத்தினேன். நல்லா வேர்க்கட்டும்."

சோதனையில் சேர்ந்து சில வாரத்தில் ஒருநாள் பெரியப்பா தலைசுற்றி விழுந்தார். அடுத்த பரிசோதனைக்குப் போகும் வழியில் காரிலேயே எங்களுக்கு உத்தரவு போட்டார்.

"உள்ள யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விழுந்தது தெரிஞ்சா கழட்டி விட்டுருவாங்க. ஊசியும் கைவிட்டுடுச்சு. இதுவும் போச்சுன்னா..."

அவர் கால் தரையை அழுத்தியது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்து, "இல்ல", "இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய மாணவர்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"தலைசுத்தல்? எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல."

"விழுந்தார்மா," என்றார் பெரியம்மா. "குளியலறை வாசல்ல. வாளியையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு விழுந்தார்."

"அடியே!"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "சார், இங்க டெஸ்ட் உங்களுக்கு இல்ல, மாத்திரைக்கு. நீங்க மறைச்சா அது காப்பியடிச்சுப் பாஸாயிடும். நாளைக்கு இதே மாத்திரையைச் சாப்பிடுறவங்கதான் விழுவாங்க."

பெரியப்பா நிமிர்த்திய முதுகைத் தளர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். பின்சீட்டு ஆட்களின் உயிருக்கும் பொறுப்பெடுத்தே பழகியவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு தடவை விழுந்தேன்மா. ஒண்ணு இவளுக்கே தெரியாது."

பெரியம்மா அவரைப் பார்த்த பார்வைக்கு எந்தக் காரிலும் பிரேக் கிடையாது.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள்; ரொம்பக் குறைவாக இருந்தது. பிரஷருக்கு அவர் ஏற்கெனவே போட்டுவந்த மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள்.

"அப்ப நான் இன்னும் சோதனைக்குள்ளதான் இருக்கேனா?"

"உள்ளதான் இருக்கீங்க சார்."

அதற்குப்பின் அவர் எதையும் மறைக்கவில்லை. தும்மல், கொட்டாவி, நகம் உடைந்தது வரைக்கும் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ்தான் பாவம்.

நானும் வழக்கம்போல ஒரு இடத்தில் இருக்க முடியாமல் கிளம்பிவிட்டேன். வெகுகாலம் கழித்து, முன்பின் தெரியாத ஊரின் பஸ் நிலையத்தில் நின்றபோது பெரியப்பாவிடமிருந்து செய்தி வந்தது:

"சோதனை முடிஞ்சுது. அந்த மாத்திரை வேலை செய்யுதாம். ஆனா எனக்குத் தந்தது வெத்து மாத்திரையாம். அப்ப அந்தத் தலைசுத்தல் எல்லாம் என் சொந்தச் சரக்கு! திங்கட்கிழமை முதல் நிஜ மாத்திரை தர்றாங்க. எனக்கு மறுபடி எல் போர்டு மாட்டியாச்சு. என்கிட்டக் கத்துக்கிட்டு இப்ப ஆஸ்பத்திரிக்கு உன் பெரியம்மாதான் ஓட்டுறா. பக்கத்துல உக்காந்து வர்றதுல கால் வலிக்குது. இதையும் நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன்."