இடுப்புக் கோடாலி

பதினோரு வருஷமாகச் செத்தே பிழைப்பு நடத்தியவரை அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் எல்லோரும் ‘பொணம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ கேமில் நாயகன் வெட்டித் தள்ளும் அரக்கன், காவலாளி, கொள்ளைக்காரன் எல்லாருக்கும் உடம்பு அவருடையது. சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடுப்பில் அவர் விழுவதைச் சுற்றிலும் உள்ள கேமராக்கள் பிடித்துத் திரையில் இருக்கும் பொம்மைகளுக்குக் கொடுக்கும். குடல் சரிந்தால் எப்படி மடிவது, கழுத்து அறுந்தால் கை எங்கே போகும், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடி விழுவதற்கு அரை நொடி முன்பே முட்டி மடங்கிவிட வேண்டும். அப்படியும் இரண்டு விலா எலும்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் போயிருந்தன.

நாயகனுக்கு உடம்பு கொடுப்பவன் வாள்காரன். வயதில் சிறியவன், வாயில் பெரியவன். புது விளையாட்டில் வாள் உடைந்தால் நாயகன் இடுப்பிலிருந்து உருவுவதற்கு ஒரு கைக்கோடாலி வைத்திருந்தார்கள். அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான்.

“விறகு பொளக்கிற சாமானெல்லாம் எனக்கு வேணாம். பொணம் அண்ணனுக்குக் குடுங்க, நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறார்.”

ஆசைதான். அன்று ராத்திரியே மனைவியிடம் சொன்னார்.

“செத்தது போதும். நாளைக்கு நான் வெட்டுறேன்.”

“முதுகு தாங்குமாங்க?”

“வெட்டுறவனுக்கு முதுகு எதுக்குடி?”

மறுநாள் மதியத்துக்குள் ஒரு வெட்டாவது சரியாக வந்தால் கோடாலி அவருக்கு. இல்லாவிட்டால் வெளியாள் என்றார் இயக்குநர். வெட்டு வாங்க வாள்காரனையே நிறுத்தினார்கள்.

பொணம் ஓங்கினார். கோடாலி இறங்குவதற்கு அரை நொடி முன்பு அவர் முட்டி மடங்கியது. திரையில் நாயகன் எதிரியைத் தொடாமலே மண்டியிட்டுச் செத்தான். கூடமே சிரித்தது.

ஏழு தடவை ஓங்கினார். ஏழு தடவையும் ஓங்கியவரே விழுந்தார்.

“அண்ணே, இது கொலையா தற்கொலையா? முன்னாடியே சொல்லிட்டா நான் போய் டீ குடிப்பேன்ல?”

“கடைசி ஒண்ணு,” என்றார் இயக்குநர்.

இந்தத் தடவை முட்டியோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. மடங்கட்டும் என்று விட்டார். எண்பது கிலோ உடம்பும் சரிகிற வேகத்தில் கோடாலியையும் இழுத்துக்கொண்டு போனது. மேலே ரப்பர்தான், உள்ளே மரக்கட்டை. வாள்காரன் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. விழத் தெரியாதவன் மரம் சாய்வதுபோல் மல்லாக்கச் சாய்ந்தான். பின்மண்டை தரையில் மோதியது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயோரம் ரத்தம் நுரைத்தது.

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “இதுதான். கோடாலி உங்களுக்கு. இன்னும் நாற்பது வெட்டு எடுக்கணும்,” என்றார்.

வாள்காரன் ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

“அண்ணே... கொஞ்சம் மெதுவா.”

“மெதுவா வெட்டுனா வலி ஜாஸ்தி,” என்றார் பொணம். “எந்திரி.”